பிள்ளைகளிடம் கற்க வேண்டிய தலைமைத்துவம்

சபைக்கு ஒரு கண்காணியை ஏற்படுத்துமுன் அவரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். போதிக்கத் தெரிந்தவரா என்பதை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். வீட்டு விஷயத்துக்கு வந்ததும் நிதானித்து, ஒரு கேள்வியும் கேட்கிறார்: "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" (1 தீமோத்தேயு 3:5).

இந்த வசனத்தை நாம் பெரும்பாலும் தகுதிச் சோதனையாக மட்டுமே வைத்திருக்கிறோம். மூப்பர் தேர்தல் வரும்போது, அவருடைய பிள்ளைகள் ஆராதனைக்கு வருகிறார்களா, வாலிபர் கூட்டத்தில் முகம் காட்டுகிறார்களா என்று பார்ப்பதோடு சரி. பவுலின் கேள்வி அதைவிட ஆழமானது. வீட்டில் பழகாத ஒன்றைச் சபையில் திடீரென்று செய்ய வராது என்கிறார். மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பா மூப்பர் என்பது தெரியாது. தெரிந்தாலும் அது சட்டை செய்யாது. அங்கே மைக் இல்லை, மேடை இல்லை, "ஆமென்" சொல்ல ஆளில்லை. பதவியை எடுத்துவிட்டால் நம்மிடம் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் பிள்ளையோடு பேசுகிறது.

பிள்ளை வளர்ப்பில் இன்னொரு உண்மையிலிருந்தும் தப்ப முடியாது. பிள்ளை வளர்ந்து நம்மை விட்டுப் போகும். நாம் இல்லாத இடத்தில், நாம் பார்க்காத நேரத்தில் அது தானாக நிற்க வேண்டும். ஆகவே நல்ல பெற்றோர் முதல் நாளிலிருந்தே தங்கள் தேவையைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். சபைத் தலைமையும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் சபையில் ஜனங்கள் வீட்டைவிட்டுப் போவதில்லை. இருபது வருடமானாலும் எல்லாவற்றுக்கும் நம்மையே கேட்டுக்கொண்டிருப்பார்கள், அது நமக்கு இனிப்பாகவும் இருக்கும். அதனால் மறந்துவிடுகிறோம்.

ஏலி, சாமுவேல், தாவீது

வேதம் பெரிய தலைவர்களின் வீட்டுக் கதவை மூடி வைக்கவில்லை. ஏலியை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளைக் கண்டிக்காத தகப்பன் என்று அவரைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1 சாமுவேல் 2:23-25-ஐ வாசித்தால் அவர் கண்டித்தது தெரியும். நன்றாகவே பேசினார். ஆனால் பலிகளில் கைவைத்த அவருடைய மகன்கள் ஓப்னியும் பினெகாசும் மறுநாளும் அதே பலிபீடத்தருகே அதே வேலையில் இருந்தார்கள். பிரதான ஆசாரியராக அவர்களை அந்தப் பணியிலிருந்து நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இருந்தது, பயன்படுத்தவில்லை. கர்த்தர் அவர்மேல் வைத்த குற்றச்சாட்டு, தெரிந்திருந்தும் அவர்களை அடக்கவில்லை என்பதே (3:13). அதற்கு முந்தின அதிகாரத்தில் இன்னும் கசப்பான ஒன்று இருக்கிறது: காணிக்கைகளில் பிரதானமானதை எடுத்து "உங்களை"க் கொழுக்கப் பண்ணினீர்கள் என்று தகப்பனையும் சேர்த்தே கர்த்தர் சொல்கிறார் (2:29). தவறின் பலனில் தனக்கும் பங்கு இருக்கும்போது எந்தத் தகப்பனாலும் அதை நிறுத்த முடியாது. சபைக் கணக்கில் நடக்கும் ஒழுங்கீனத்தைப் பல தலைவர்கள் பேசிப் பேசியே காலம் தள்ளுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

தாவீதின் கதை நேர் எதிர். அவர் பேசவே இல்லை. மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்ததைக் கேட்டு மிகவும் கோபமடைந்தார் என்று இருக்கிறது (2 சாமுவேல் 13:21). அதற்குமேல் அவர் எதுவும் செய்ததாக இல்லை. இன்னொரு மகன் அதோனியாவைப் பற்றி, நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று தகப்பன் ஒருபோதும் கேட்டதில்லை என்று வேதம் குறித்து வைக்கிறது (1 இராஜாக்கள் 1:6). பிறன் மனைவி பத்சேபாளோடு செய்த பாவத்துக்குப் பிறகு அவர் வாயைக் கட்டியது அவருடைய சொந்தப் பாவமோ என்று எண்ணத் தோன்றுகிறது. "நானே தப்பு செய்தவன், எந்த முகத்தோடு பிள்ளையிடம் கேட்பேன்" என்று ஒதுங்கும் பெற்றோர் இன்றும் உண்டு. மன்னிப்புப் பெற்றவனுக்குத்தான் கண்டிக்கும் தகுதி அதிகம். அவன் பள்ளத்தின் ஆழம் தெரிந்தவன்.

சாமுவேல்தான் நம்மை அதிகம் யோசிக்க வைக்க வேண்டியவர். ஏலியின் வீட்டில் வளர்ந்தவர். அந்த வீட்டின்மேல் வந்த தீர்ப்பைச் சிறுவனாகவே தன் வாயால் சொன்னவர். அப்படிப்பட்டவரின் மகன்கள் யோவேலும் அபியாவும் பரிதானம் (லஞ்சம்) வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள் (1 சாமுவேல் 8:1-3). ஏன் என்று வேதம் சொல்லவில்லை. நாமும் இட்டுக்கட்ட வேண்டாம். ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறது: அவர்களை நியாயாதிபதிகளாக வைத்தது சாமுவேலே. ஜனங்கள் கேட்கவில்லை. கர்த்தர் சொன்னதாகவும் இல்லை. போதகரின் மகன் என்ற ஒரே காரணத்துக்காக வாலிபனைப் பிரசங்கபீடத்தில் ஏற்றும் சபைகள் இந்த மூன்று வசனங்களைக் கூட்டிவைத்து வாசிக்கலாம். அந்த வாலிபனுக்கும் அது செய்யும் தீமை பெரிது. தான் எதற்கு அழைக்கப்பட்டான் என்பதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையே நாம் பறித்துவிடுகிறோம்.

கண்டிக்கும் விதம்

ஐந்து வயது அண்ணன் தம்பியின் கையிலிருந்து பொம்மை வண்டியைப் பிடுங்கி, தலையில் ஒன்று வைக்கிறான். அம்மா சமையலறையிலிருந்து "டேய், அடிக்காதே!" என்கிறார். மறுபடியும் சத்தம். "சொன்னேன்ல!" மூன்றாம் முறை குரல் ஏறுகிறது. நான்காம் முறை அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு வருகிறார். இதில் பையன் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: முதல் மூன்று முறை சொல்வது கணக்கில் வராது, அம்மா நேரில் வந்தால்தான் அது நிஜம். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சரியாகத்தான் கணித்திருக்கிறான்.

மாற்ற வேண்டியது வரிசையை. நான்காம் முறை செய்வதை முதல் முறையே, கோபம் வருமுன் செய்ய வேண்டும். எழுந்து பக்கத்தில் போங்கள். முழங்காலிட்டோ குனிந்தோ பிள்ளையின் கண் மட்டத்துக்கு வாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் பார்க்கும்வரை காத்திருங்கள். ஒரே வாக்கியம்: "தம்பியை அடிக்கக் கூடாது." பிறகு விளைவு. அது சிறியதாக, உடனடியாக, செய்த தவறோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். வண்டி பத்து நிமிடம் அலமாரியில் இருக்கும். தம்பிக்கு வலிக்கிறதா என்று அவனே போய்க் கேட்க வேண்டும். பத்து நிமிடம் முடிந்ததும் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். அதோடு விஷயம் முடிந்தது. இரவு சாப்பாட்டு நேரத்தில் தாத்தாவிடம் "இன்றைக்கு இவன் என்ன செய்தான் தெரியுமா" என்று அதை மறுபடி எடுக்கக் கூடாது.

இது கெட்டுப்போகும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நிறைவேற்ற முடியாத மிரட்டல் முதலாவது: "இனிமேல் உனக்கு விளையாட்டே கிடையாது" என்பதைப் பிள்ளையும் நம்புவதில்லை, சொன்னவரும் நம்புவதில்லை. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்ன ஆண்டவரின் கட்டளை (மத்தேயு 5:37) இந்த இடத்துக்கும்தான். அடுத்தது, "சாயங்காலம் அப்பா வரட்டும்." அதற்குள் சின்னப் பிள்ளைக்குத் தான் செய்ததே மறந்துபோகும், மிஞ்சுவது அப்பாவைப் பற்றிய பயம் மட்டும். வீட்டுக்கு வருகிற தகப்பனைத் தண்டனைக்காரனாக எதிர்பார்த்து வளரும் பிள்ளை, பரலோகத் தகப்பனையும் அப்படியே கற்பனை செய்துகொள்கிறது. இன்னொன்று, செயலைவிட்டு ஆளைப் பிடிப்பது. "நீ பொய் சொன்னாய்" என்பது திருத்தம். "நீ பொய்யன்" என்பது பட்டம். பட்டம் கொடுத்தால் பிள்ளை அதற்கேற்பவே நடக்கும்.

கண்டிக்குமுன் பார்க்க வேண்டியதும் உண்டு. பசியா, தூக்கமா, உடம்பு சரியில்லையா? தூங்கும் நேரம் தாண்டி ஒன்றரை மணி நேரமாக விழித்திருக்கும் பிள்ளையின் அழுகையை ஒழுக்கக் கேடு என்று எண்ணுவது அநியாயம். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்டபோது கர்த்தர் உபதேசத்தைத் தொடங்கவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்குப் பிறகு, ஓரேபில்தான் வருகிறது (1 இராஜாக்கள் 19). சோர்ந்துபோன ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரிடம் பொறுப்பின்மையைப் பற்றிப் பேசுமுன், அவர் கடைசியாக எந்த ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுத்தார் என்று பார்ப்பது தலைவரின் கடமை.

பிரம்பைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். நீதிமொழிகள் 13:24-ஐ வைத்துக்கொண்டு அடியை நியாயப்படுத்துவது நம்மிடையே பழகிப்போன ஒன்று. "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்று பாடின சங்கீதக்காரன் ஆட்டை அடித்து நொறுக்கும் மேய்ப்பனை நினைத்துப் பாடவில்லை. கையோங்கும் நேரத்தில் பெற்றோர் பெரும்பாலும் கோபத்தில்தான் இருக்கிறார்கள். அடி அந்த நிமிடத்துக்குச் சத்தத்தை நிறுத்தும்; கூடவே மறைக்கவும் பொய் சொல்லவும் கற்றுக்கொடுக்கும். பிள்ளைகள் திடனற்றுப் போகாதபடி அவர்களைக் கோபமூட்டாதிருங்கள் என்று பவுல் தகப்பன்மாரைத்தான் எச்சரிக்கிறார் (கொலோசெயர் 3:21). அடிக்காமல் உறுதியாக இருக்க முடியும். அதற்கு அதிக நேரமும் அதிகப் பொறுமையும் தேவை, அவ்வளவுதான்.

இனி சபை. பாடகர் குழுவில் ஒருவர் தொடர்ந்து தாமதமாக வருகிறார். தலைவர் நேரில் ஒன்றும் சொல்லாமல், ஞாயிறு பிரசங்கத்தில் "சிலருக்குத் தேவனுடைய வேலை என்றால் இளப்பம்" என்று பொத்தாம்பொதுவாக எறிகிறார். சமையலறையிலிருந்து கத்துவதும் இதுவும் ஒன்றே. குற்றமுள்ளவருக்கு அது உறைக்காது; குற்றமில்லாத நான்கு பேர் தங்களைத்தான் சொன்னாரோ என்று வருந்துவார்கள். ஆண்டவர் காட்டிய வழி, போய், தனித்திருக்கையில், அவனிடத்தில் சொல்வது (மத்தேயு 18:15). அந்த வாரமே, நேரில், ஒரே ஒரு விஷயத்தை மட்டும். "உங்களுக்கு அக்கறையே இல்லை" என்று ஆரம்பிக்காமல், "கடந்த மூன்று வாரமும் முதல் பாட்டு முடிந்த பிறகுதான் வந்தீர்கள், என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் தாய் இருக்கலாம். பேருந்து நேரம் மாறியிருக்கலாம். வெறும் சோம்பலாகவும் இருக்கலாம். எதுவானாலும் அடுத்த வாரத்துக்கு என்ன ஏற்பாடு என்று இருவரும் ஒத்துக்கொண்டு எழ வேண்டும். சரியானபின் பழைய கதையை எந்தக் கமிட்டியிலும் எடுக்கக் கூடாது.

குடும்ப ஜெபம் ஏன் நின்றுபோகிறது

நல்ல மனதோடு தொடங்கிய குடும்ப ஜெபம் இரண்டாம் வாரத்தில் தேய்ந்து, மாதக் கடைசியில் காணாமல் போவது சகஜம். பக்திக் குறைவால் அல்ல, பெரும்பாலும் நீளத்தால். அரைமணி நேரம் என்று தொடங்கினால் நிற்காது. பத்து நிமிடம் போதும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் மட்டும் என்றால் ஐந்து நிமிடம். கடிகார நேரத்தோடு கட்டாமல், தினமும் எப்படியும் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து யாரும் எழுவதற்கு முன் என்று வைத்துக்கொண்டால், சாப்பாடு தாமதமானாலும் ஜெபம் அதோடு நகர்ந்து வந்துவிடும். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் ஒரு நாள் தவறினாலும் குற்றவுணர்வில் முழுவதும் கைவிட மாட்டோம்.

வாசிக்க மாற்கு சுவிசேஷம் நல்ல தொடக்கம். மொத்தம் 16 அதிகாரங்கள், எல்லாம் சம்பவங்கள். இரவுக்கு ஏழெட்டு வசனம் என்று போனால் ஏறக்குறைய நான்கு மாதத்தில் முடியும். வாசிக்கத் தெரிந்த பிள்ளையே வாசிக்கட்டும். தடுமாறினால் திருத்தாதீர்கள், கேட்டால் சொல்லுங்கள். வாசித்தபின் இரண்டு கேள்வி போதும்: இதில் உனக்கு எது ஆச்சரியமாக இருந்தது? இயேசு ஏன் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறாய்? பதில் தவறாக இருந்தாலும் அன்றைக்கு விட்டுவிடலாம். பிறகு ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் ஜெபிக்கட்டும். விருப்பமில்லாத பிள்ளை "ஆமென்" மட்டும் சொல்லலாம்.

ஜெபத்தைக் கெடுக்கும் பெரிய விஷம் ஒன்று உண்டு. "ஆண்டவரே, இவன் படிக்க மாட்டேன் என்கிறான், இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று பிள்ளையின் எதிரிலேயே அவனைத் திட்டுவதை ஜெபமாக்குவது. பதில் பேச முடியாத இடத்தில் அவனை நிறுத்தி, ஆண்டவரை நம் பக்கத்து வக்கீலாக்குகிறோம். அந்தப் பிள்ளைக்குக் கண்ணை மூடினாலே உடம்பு கூசும். இதே பழக்கம் சபைக்கும் வந்து, கமிட்டி முடிவில் "எதிர்த்துப் பேசுகிற ஆவிகளைக் கட்டுகிறோம்" என்ற ஜெபமாக ஒலிக்கும். வேறு கருத்துச் சொன்ன சகோதரர் அடுத்த கூட்டத்திலிருந்து வாயே திறக்கமாட்டார்.

உபாகமம் 6:7 சொல்லும் நேரங்களையும் பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. பத்து நிமிட ஜெபம் ஒரு முளைக்குச்சி மட்டுமே; பேச்சு நாள் முழுவதும் அங்கங்கே நடக்க வேண்டும். கேள்விகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் வழியிலும் விளக்கணைத்த பிறகும்தான் வரும். அப்போது கையில் செல்போன் இருந்தால் அந்தக் கேள்வி திரும்ப வராது.

மோசேயின் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்?

யாத்திராகமம் 18-ஐ நிர்வாகப் பாடமாக எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறோம்: ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர்களை வை. அந்த அதிகாரத்தின் தொடக்கத்தை யாரும் வாசிப்பதில்லை. அந்த ஆலோசனையைச் சொன்ன மோசேயின் மாமனார் எத்திரோ நிர்வாக ஆலோசகராக வரவில்லை. மோசே திருப்பி அனுப்பியிருந்த சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு வருகிறார். மோசே எதிர்கொண்டு போய் மாமனாரை வணங்கி, முத்தமிட்டு, கூடாரத்துக்குள் கூட்டிப்போகிறார். மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நியாயம் விசாரிக்க உட்கார்ந்துவிடுகிறார். மகளையும் பேரப்பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்த்த மனுஷன் அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்: "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல." வேதம் சொல்லும் காரணம், நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்பது. சொன்னவர் ஒரு தாத்தா என்பதையும் சேர்த்து வாசிக்கும்போது அந்த வார்த்தைக்கு இன்னும் பாரம் கூடுகிறது.

ஊழியத்துக்காகக் குடும்பத்தைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்ற பேச்சு பக்தியாகத் தோன்றும். பவுல் அப்படிச் சொல்லவில்லை. போதகர் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் சபைமேல் கசப்போடு வளர்வதற்குக் காரணம் உபதேசம் அல்ல. தங்கள் பிறந்தநாளையும் பரீட்சையையும் காய்ச்சலையும் ஒவ்வொரு முறையும் சபை ஜெயித்துவிட்டது என்பதுதான்.

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி இங்கே நமக்கு உதவுவார். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரின் குருமனையில் வாழ்ந்தவர். பெற்ற 19 பிள்ளைகளில் ஒன்பது பேரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ் மிஷனெரிகளின் ஊழிய அறிக்கையை வாசித்து மனம் அசைந்து, 1712-ல் தன் வீட்டில் ஒரு தீர்மானம் எடுத்தார். தூர தேசத்துக்குப் போக அவரால் முடியாது. ஆனால் ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து அதன் ஆத்துமாவைப் பற்றிப் பேச முடியும். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்லசுக்கு. பல ஆண்டுகள் கழித்து, ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும் ஜான் அந்த வியாழக்கிழமை மாலைகளை நினைவுகூர்ந்து தாய்க்கு எழுதினார். இதே ஜான் வெஸ்லி பின்னாளில் மெதடிஸ்டு விசுவாசிகளை ஏறக்குறைய 12 பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவரை வைத்து, வாரந்தோறும் ஒவ்வொருவரையும் விசாரிக்கச் செய்தார். கூட்டமாகப் போதிக்கலாம், விசாரிப்பது தனித்தனியாகத்தான்.

இதை இன்று செய்வது கடினமல்ல. ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள், முப்பது நிமிடம், கதவைச் சாத்தி. அந்த நேரத்தில் அறிவுரை இல்லை, மதிப்பெண் விசாரணை இல்லை. முதல் சில வாரம் பிள்ளை ஒன்றும் பேசாது; சேர்ந்து படம் வரையலாம், நடக்கலாம். பேச்சு வர ஒரு மாதம்கூட ஆகலாம். மூப்பருக்கும் இதே கணக்கு: பத்துக் குடும்பம் பொறுப்பில் இருந்தால், வாரம் ஒரு குடும்பம் என்று போனாலும் வருடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து முறை போகலாம். உதவி கேட்டு வருகிறவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பல வருடம் கண்ணில் படாமலே போவார்கள்.

வேலையை ஒப்படைப்பது

எட்டு வயதுப் பிள்ளைக்குத் துணி மடிக்கக் கற்றுக்கொடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். முதலில் நாம் மடிக்க அது பார்க்கும். அடுத்து இருவரும் சேர்ந்து. பிறகு அது மடிக்க நாம் பக்கத்தில் இருப்போம். கடைசியில் அதுவே செய்யும். பெற்றோர் சறுக்குவது மூன்றாவது படியில். சட்டையின் கை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பொறுக்காமல் எடுத்து, அதன் எதிரிலேயே மறுபடி மடிப்போம். ஒரு வார்த்தை சொல்லாமலே "உன் வேலை செல்லாது" என்று சொல்லியாயிற்று. அடுத்த வாரம் பிள்ளை அந்தப் பக்கமே வராது. நாம் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை" என்போம்.

ஒரு வாலிபன் முதல் முறை ஜெபக்கூட்டத்தை நடத்துகிறான். குரல் நடுங்குகிறது, வசன எண்ணைத் தவறாகச் சொல்கிறான், ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறான். போதகர் எழுந்து "தம்பி சொன்னதை நான் கொஞ்சம் விளக்குகிறேன்" என்று இருபது நிமிடம் பேசுகிறார். நீட்டிய கையை மடித்தாயிற்று. செய்ய வேண்டியது, ஆமென் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டு, மறுநாள் அவனை அழைத்து நன்றாக இருந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லி, திருத்த வேண்டிய ஒன்றை மட்டும் காட்டி, அடுத்த தேதியையும் அப்போதே கொடுப்பது. இயேசு பன்னிருவரை இரண்டிரண்டு பேராக அனுப்பினார். திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னபோது கேட்டார். பிறகு தனித்துச் சற்றே இளைப்பாற அழைத்துப்போனார் (மாற்கு 6:7, 30-31). அவர்கள் போன ஊர்களுக்குப் பின்னாலேயே போய்த் திருத்திக்கொண்டிருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்பது, சந்தேகங்களைக் கேட்பது

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம் வீண். எது தவறு என்று பெயர் சொல்ல வேண்டும்: "உன் நண்பர்கள் எதிரில் உன்னைக் கத்தினேன், அது தவறு." பின்னால் "ஆனால் நீயும்" என்று ஒட்டக் கூடாது. உடனே "பரவாயில்லை" என்று சொல்ல வைக்கக் கூடாது. எத்தனை பேர் எதிரில் அவமானப்படுத்தினோமோ அத்தனை பேர் எதிரில் கேட்க வேண்டும். கமிட்டியில் ஒருவரை இழிவாகப் பேசிவிட்டுத் தொலைபேசியில் தனியாக "மனதில் வைக்காதீங்க" என்பது மன்னிப்புக் கேட்பதாகாது.

பதின்ம வயதில் "ஜெபம் பண்ணியும் அவங்க ஏன் செத்துப்போனாங்க?" என்று பிள்ளை கேட்கும்போது, பெரும்பாலான வீடுகளில் முதல் பதில் "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்பது. கேள்வி நிற்காது, வேறு இடத்துக்குப் போகும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் "எனக்கும் இது முழுசாப் புரியல, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்ப்போம்" என்று நாள் குறித்து, அந்த நாளில் மறக்காமல் உட்காருங்கள். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கேட்ட ஆபகூக்கின் கேள்வியை வேதம் அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறது. தோமாவைச் சீஷர்கள் துரத்தவில்லை. எட்டு நாளைக்குப் பிறகும் அவன் அவர்களோடேதான் உள்ளே இருந்தான் (யோவான் 20:26). சந்தேகமுள்ள வாலிபனுக்கு எட்டு நாள் இடம் கொடுக்க முடியாத சபையில் அவன் எங்கே ஆண்டவரைச் சந்திப்பான்?

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் தன்னைத் தொட்டதாகவோ துன்புறுத்தியதாகவோ ஒரு பிள்ளை சொன்னால், முதலில் நம்புங்கள். திரும்பத் திரும்பக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரை அன்றைக்கே பிள்ளைகள் பக்கம் வராதபடி நிறுத்தி, சட்டப்படி புகார் கொடுங்கள். "சபையின் பெயர் கெடும், உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்பது ஏலியின் வழி. ஞாயிறு வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பது, கதவு திறந்திருப்பது, தனியாக எந்தப் பிள்ளையையும் யாரும் வீட்டுக்குக் கூட்டிப்போகாதது ஆகிய ஒழுங்குகள் போதகருக்கும் பொருந்த வேண்டும். தனக்கு விலக்குக் கேட்கும் தலைவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

விலகிப்போன பிள்ளை

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பிள்ளை விசுவாசத்தை விட்டுப் போவதுண்டு. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற நீதிமொழிகள் 22:6-ஐ அந்தப் பெற்றோர் முகத்தில் எறிவது கொடுமை. நீதிமொழி வாழ்க்கை பொதுவாக எப்படிப் போகும் என்று காட்டுகிறது. இன்னார் வீட்டுக்கு இன்ன பலன் என்று கையெழுத்திட்ட உத்தரவாதம் அல்ல. "நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாய்க் கலகம்பண்ணினார்கள்" என்று கர்த்தரே சொல்கிறார் (ஏசாயா 1:2). குறையில்லாத தகப்பனுக்கே அப்படி நேர்ந்தது.

ஆகவே மூப்பர் ஒருவரின் வளர்ந்த மகன் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டால், குழு முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தகப்பன் இப்போது எப்படி நடந்துகொள்கிறார் என்பதை. மகனை மறைக்கிறாரா, வெறுத்து ஒதுக்குகிறாரா, பணம் கொடுத்தும் பயமுறுத்தியும் வளைக்கப் பார்க்கிறாரா? அல்லது உண்மையை ஒத்துக்கொண்டு, மகனோடு உறவை அறுக்காமல், காத்துக்கொண்டிருக்கிறாரா? இந்தக் கடைசி வகைத் தகப்பன் சபையில் வழிதவறினவர்களைத் தேடிப் போவதற்கு ஏற்றவர். அவரை நீக்க அவசரப்படாமல், அவர் கேட்டால் சில மாதம் பொறுப்பிலிருந்து ஓய்வு கொடுங்கள். தம்பதியாக அவர்களோடு ஜெபிக்க இரண்டு பேரை நியமியுங்கள். சாட்சி நேரத்தில் அவருடைய மகனின் பெயரை யாரும் பொதுவில் எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அவன் திரும்ப வரும் நாளில், தன் பெயர் அங்கே எப்படிப் பேசப்பட்டது என்பதைக் கேள்விப்பட்டுத்தான் வருவான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு நாள் அவனைக் கூப்பிடுங்கள், அதே நாளில். வேலை, உடம்பு, சாப்பாடு என்று பேசுங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் சபையைப் பற்றிக் கேட்டால் அவன் எடுப்பதை நிறுத்துவான். வசனங்களைச் செல்போனில் தினம் அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல ஜெபியுங்கள், அவனுக்காகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவன் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். கேட்டுவிட்டால், எந்த வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு உட்காருங்கள்.